நீல கேட் வீட்டின் கடைசிப் பக்கம்

வாசுகி டீச்சருக்கு ஒரு விநோதமான பழக்கம். யார் கையில் புத்தகத்தைப் பார்த்தாலும், "எங்க உக்காந்து படிச்சே?" என்று கேட்பார். என்ன படித்தாய் என்று கேட்கிற டீச்சர்கள் நிறைய பேர் உண்டு. எங்கே படித்தாய் என்று கேட்பவர் கெடா மாநிலத்தின் பாலிங் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அதனால்தான் வாசிப்பு மாதம் தொடங்கியதும் ஐந்தாம் ஆண்டு வகுப்புச் சுவரில் அவர் ஒட்டிய பெரிய தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. பெயர், புத்தகம், எழுதியவர், எங்கே படித்தாய்.

"இந்த மாசம் உங்க இஷ்டம். பேய்க் கதை படிக்கலாம், படக்கதை படிக்கலாம். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்லா," என்றார் டீச்சர்.

வகுப்பில் பாதிப் பேர் இதை நம்பவில்லை. ரூபினி நம்பினாள். அன்றைக்கே நூலகத்துக்கு ஓடினாள்.

ரூபினிக்குப் பதினொரு வயது. பயப்படுவது என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. முதல் வாரத்திலேயே மலாய் மொழியில் நான்கு பேய்க் கதைகளும் ஐந்து படக்கதைகளும் முடித்துவிட்டாள். அவள் பெயருக்கு நேரே 'பள்ளி வேன்', 'சாப்பாட்டு மேசைக்கு அடியில்' என்று கட்டங்கள் நிரம்பின. பக்கத்து மேசை அழகேசன் 'கழிவறை' என்று எழுதினான்.

"முழு புத்தகமுமா?" என்றார் டீச்சர்.

"சின்ன புத்தகம்தான் டீச்சர்."

தமிழில் இருந்தவை இரண்டே பேய்க் கதைகள். அதில் ஒன்றுக்குக் கடைசிப் பக்கம் இல்லை, யாரோ கிழித்திருந்தார்கள். 'கதவு மெல்லத் திறந்தது. உள்ளே நின்றது' என்பதோடு புத்தகம் முடிந்துபோயிற்று.

உள்ளே நின்றது எது? ரூபினி டீச்சரைக் கேட்டாள். ஆறாம் ஆண்டு அக்காக்களைக் கேட்டாள். வேன் ஓட்டும் அண்ணனைக்கூடக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சோறு இறங்காம பண்ற புத்தகம் என்னாத்துக்கு?" என்று அவள் அம்மா உமாராணி கேட்டார்.

மூன்றாம் நாள் ரூபினி ஒரு முடிவுக்கு வந்தாள். கடைசிப் பக்கம் உள்ள ஒரு பேய்க் கதையைத் தானே வரைந்துவிடுவது. தமிழில், படக்கதையாக, பள்ளி இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அதனால் ஞாயிறு முதல் வியாழன் வரை வாரத்துக்கு ஐந்து பக்கம். மூன்று வாரத்தில் கதை முடிந்துவிடும்.

கதைக்கு ஒரு வீடு வேண்டுமே. அது தயாராக இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் அரசாங்க ஊழியர்களுக்கான பழைய வீடு ஒன்று, கீழே கல்லும் மேலே பலகையுமாக, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நீல நிற கேட். மாடி ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு பெரிய கெம்போஜா மரம், கிளை நிறைய வெள்ளைப் பூ.

அந்தி நேரத்தில் கெம்போஜா பூ வாசம் வந்தால், பொந்தியானாக் என்ற பெண் பேய் பக்கத்தில் நிற்கிறது என்று கெடாவில் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது மட்டும் தெரியும்.

ரூபினி அந்த வீட்டை அப்படியே வரைந்தாள். மாடியில், வலது பக்க ஜன்னலில், நீளக் கூந்தலோடு ஒரு பேய்ப் பெண். தினமும் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் பூ வாசம் வீசும். அவள் இறங்கி வந்து ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவாள். திறப்பவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள்.

அவள் எதற்காகத் தட்டுகிறாள்? அது ரூபினிக்கே தெரியாது. கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

'நீல கேட் வீடு' என்ற அந்த நோட்டு ஓய்வு நேரத்தில் கை மாறிக் கை மாறிப் போனது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் படித்தார்கள். ரூபினிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவது பக்கம் வந்த அன்று ஷரோன் வந்தாள்.

அலோர் ஸ்டாரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அப்பா அனந்தன் அரசாங்க அதிகாரி, அம்மா மருத்துவமனையில் தாதி. ஷரோன் வெளுத்த முகமும், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலும், மெல்லிய குரலுமாக நின்றாள்.

"வீடு எங்கம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"அந்த நீல கேட் போட்ட வீடு டீச்சர்."

எல்லோர் கண்ணும் அந்த நோட்டுப் பக்கம் போயிற்று. அழகேசன் கையிலிருந்த பென்சில் நழுவி உருண்டு ஷரோன் காலடியில் போய் நின்றது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது உன்னோடதா?" என்று அழகேசன் கேட்டான். பயத்தில் எது தன்னுடையது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவளிடமும் அதே மாதிரி ஒரு பென்சில் இருந்தது. ஷரோன் வீட்டில் யாழ்ப்பாணத்து வழக்கம், 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள். அவளும் "ஓம்" என்றாள்.

அழகேசன் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தான். மந்திரம் சொல்கிறாள் என்று ஓய்வு நேரத்துக்குள் வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஷரோனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால் ரூபினியும் உட்காரவில்லை. அவள் நோட்டுக்கு இப்போது பக்கத்து வகுப்பிலிருந்தும் ஆள் வந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் இருந்தாள்.

சுவரில் ஷரோன் பெயருக்கு நேரே மூன்று புத்தகங்கள் ஏறின. எங்கே படித்தாய் என்ற கட்டத்தில் மூன்று முறையும் ஒரே பதில்தான், 'அப்பா அம்மா அறை.'

"இவ்வளவு பெரிய பிள்ள, இன்னும் அம்மா கூடவா படுக்கிறா?" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாவது பக்கம் வந்த அன்று, நூலக மூலையில் ரூபினி படித்துக்கொண்டிருந்தபோது எதிரே நிழல் விழுந்தது. ஷரோன் நின்றாள். அவள் கையில் அந்த நோட்டு. அழகேசன் மேசைக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"ரூபினி, இது நீ வரைஞ்சதா?"

"ம்... ஆமா."

"ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கே," என்றாள் ஷரோன். நிஜமாகவே சொன்னாள். திட்டியிருந்தால்கூட ரூபினிக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

"ஒன்னு கேக்கணும். இவ எந்த ரூம்ல இருக்கா?"

"மாடில. வலது பக்க ஜன்னல்."

"அது என் ரூம்."

ரூபினி தன் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இல்ல. பயமா இருக்கு. பகல்ல அந்தப் பூவுல வாசமே இல்ல, மூக்க வச்சுப் பாத்தேன். பாங்கு சொல்ற நேரத்துலதான் வருது. நீ வரைஞ்ச மாதிரியே வருது."

"ஐயோ, அது நான் சும்மா இட்டுக்கட்டினது லா."

"அப்போ வாசம்?"

ரூபினி நோட்டை வாங்கிப் பைக்குள் செருகினாள்.

ஷரோன் பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "இந்த மாசம் முடியறதுக்குள்ள என் ரூம்ல நான் தனியா படுக்கணும். இல்லனா என்னை அலோர் ஸ்டாருக்கே அனுப்பிடுவாங்க, பெரியம்மா வீட்டுக்கு."

"எதுக்கு?"

"நான் தூங்கறதில்ல. அப்பாவையும் தூங்க விடறதில்ல. அம்மா வேல முடிஞ்சு வந்து பாத்தா ரெண்டு பேரும் கண்ணு செவந்து உக்காந்திருக்கோம். பெரியம்மா நல்லவங்கதான், ஆனா அம்மாவும் அப்பாவும் இங்கதானே இருப்பாங்க."

அன்றிரவு ரூபினிக்கும் தூக்கம் வரவில்லை. பயப்படுவது ஆசையாக இருக்கும், புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்க முடியும் என்றால். அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கச் சொன்னால்?

மறுநாள் காலை அவள் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். "அந்தக் கதை பூராவும் பொய். நானா வரைஞ்சது. அந்த வீட்டுல ஒன்னும் இல்ல."

"அப்படிச் சொல்லச் சொன்னாளா?" என்றான் அழகேசன்.

"யாரு?"

"அவதான். உன்னை மிரட்டி வச்சிருக்கா."

"ஷரோன் கண்ணப் பாரு, செவந்து கெடக்கு," என்றது பின்வரிசை.

ரூபினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் பெற்ற பேய் அவள் பேச்சையே கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் பேயே இல்லை. பூச்செடிகளைப் பற்றிய தடிப் புத்தகம், யாரும் தொடாததால் தூசி படிந்திருந்தது. வாசுகி டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே," என்றார்.

புத்தகத்தில் கெம்போஜா மரத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. ரூபினி அதை ஷரோனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தப் பூவின் வாசம் நன்றாக வீசுமாம். அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக. வேடிக்கை என்னவென்றால் பூவில் தேன் என்று ஒரு சொட்டுக்கூடக் கிடையாதாம்.

ஷரோன் கவனமாகக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"புத்தகத்துல சரியாதான் போட்டிருக்கு. ஆனா சாயங்காலம் ஆனா புத்தகம் என் கூட வந்து உக்காராதே."

"நான் வந்து உக்கார்றேன்," என்றாள் ரூபினி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அம்மா இடுப்பில் கை வைத்தார். "வெளக்கு வைக்கிற நேரத்துல யார் வீட்டுக்குப் போகணும்?"

"நான் ஒரு பிள்ளைய பயமுறுத்திட்டேன்மா. நான்தான் சரி பண்ணணும்."

அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். மறுநாள், புதன்கிழமை மாலை, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் நீல கேட் முன்னால் இறக்கிவிட்டார். கையில் ஒரு டப்பா உளுந்து வடையும் கொடுத்தார். "எட்டு மணிக்கு வருவேன். வாசல்லயே நிக்கணும்."

ஷரோனின் அறையில் கட்டில் மேல் புதுப் போர்வை விரித்திருந்தது. கடையிலிருந்து வந்த மடிப்பு அப்படியே இருந்தது. ஒரு நாள்கூட யாரும் அதில் படுத்ததில்லை. ரூபினிக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றார்கள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது.

அத்தனை பேய்க் கதை படித்த ரூபினி ஷரோனை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். யார் கையை யார் முதலில் பிடித்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ விர்ரென்று பறந்தது. விரல் நீளத்துக்கு ஒரு பழுப்பு அந்துப்பூச்சி. ஒரு பூ முன்னால் அந்தரத்தில் நின்று, மெல்லிய நீள நாக்கை உள்ளே விட்டுப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த பூவுக்குப் போனது. அங்கேயும் இல்லை. அதற்கடுத்த பூவுக்குப் போனது.

"பாவம்," என்றாள் ஷரோன். "ஒவ்வொரு வீடா தட்டிக்கிட்டுப் போகுது."

ரூபினி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவ சொல்லு."

"ஒவ்வொரு வீடா தட்டுது. எதையோ தேடுது, யாரும் குடுக்கல."

"எனக்குக் கடைசிப் பக்கம் கிடைச்சிருச்சு," என்றாள் ரூபினி.

அந்தப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று காதில் சொன்னதும் ஷரோன் கட்டிலில் விழுந்து சிரித்தாள். போர்வையின் மடிப்பு கலைந்தது. ஆனால் மணி எட்டை நெருங்கியதும் அவள் முகம் மறுபடியும் வாடிவிட்டது.

"நீ இருக்கும்போது பயமா இல்ல. நீ போனதும் நான் மட்டும்தானே?"

ரூபினி யோசித்தாள். "நம்ம வகுப்புப் பிள்ளைங்க பூராவும் இந்த ரூமுக்கு வந்து சிரிச்சுட்டுப் போனா? அப்பறம் இங்க பேய் எங்க நிக்கும்? இடமே இருக்காது."

"கேட் பக்கமே வர மாட்டாங்களே."

"வருவாங்க," என்றாள் ரூபினி. கடைசிப் பக்கம் இல்லாத ஒரு புத்தகம் ஆளை என்ன பாடு படுத்தும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை பதினைந்தாவது பக்கம் வந்தது. பேய்ப் பெண் ஒரு கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள். அவ்வளவுதான். கீழே சின்ன எழுத்தில், 'கடைசிப் பக்கம் நீல கேட் வீட்டில், மாடியில், வலது பக்க ஜன்னலில் ஒட்டியிருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணி' என்று இருந்தது.

"இது அநியாயம் லா," என்றான் அழகேசன். "வாயத் திறந்து என்னா சொல்றா? எனக்கு மட்டும் சொல்லு."

"சனிக்கிழம வந்து படி."

"உயிரே போனாலும் வர மாட்டேன்," என்று அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

சனிக்கிழமை ஷரோனின் அம்மா ஒரு தட்டு நிறைய கிழங்குக் கறி அடைத்த கறிபாப் பொரித்து, ஜக்கு நிறைய சிவப்பு சிரப் தண்ணீர் கலக்கி வைத்திருந்தார். ஆறு மணி ஆனது. ஆறு இருபது ஆனது. தெருவில் ஒரு பூனை மட்டும் போனது.

"வராட்டி பரவால்ல," என்றாள் ஷரோன். பின்னல் நுனி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. ரூபினி தெருமுனை வரை எட்டிப் பார்த்தாள். இந்த வழியும் பலிக்காவிட்டால் இவள் போய்விடுவாளே.

ஆறரைக்கு கேட் முன்னால் ஒரு சைக்கிள் நின்றது. அழகேசன் குனிந்து செயினைத் தடவிக்கொண்டிருந்தான்.

"செயின் கழண்டுருச்சு. அதான் நின்னேன்," என்றான்.

செயின் கழலவே இல்லை. தெரு முனையில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. மொத்தம் பதினான்கு பேர்.

"வந்தது வந்தாச்சு. கறிபாப் ஆறுது, உள்ள வாங்க," என்றாள் ஷரோன். அவள் வகுப்பில் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மாடிப்படியில் ஒரு கும்பலாக ஏறினார்கள். முதல் ஆளாகவும் போகாமல், கடைசி ஆளாகவும் நிற்காமல், அழகேசன் நட்டநடுவில் செருகிக்கொண்டான்.

ஜன்னலில் பதினாறாவது பக்கம் ஒட்டியிருந்தது. ரூபினி வரைந்தது, ஷரோன் எழுதியது. எல்லோரும் ஓடிவிட்ட ஊரில், செருப்பு அறுந்ததால் ஓட முடியாமல் ஒரு பையன் மட்டும் நிற்கிறான். அவன் மூக்கு அழகேசன் மூக்கு மாதிரியே இருந்தது. 'என்ன வேணும்?' என்று கேட்கிறான். பேய்ப் பெண் முதுகுக்குப் பின்னாலிருந்து கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டுகிறாள்.

'இதுல கடைசிப் பக்கம் இல்ல. நூறு வருஷமா ஒவ்வொரு வீடா கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்க வீட்டுல இருக்கா?'

எல்லோரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் படித்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றான் அழகேசன். "இதுக்கா நான் மூனு வாரமா பாத்ரூம் போக அப்பாவ எழுப்பினேன்?"

பிறகு சிரிப்பு கிளம்பியது. கட்டிலில், தரையில், மேசை மேல் எல்லாம் உட்கார்ந்து சிரித்தார்கள். கறிபாப் தட்டு காலியானது. பாங்கு கேட்டது. பூ வாசம் வந்தபோது எல்லோரும் ஒரேயடியாக அடங்கினார்கள்.

"பயப்படாதீங்க, அது வர்ற நேரம்தான்," என்றாள் ஷரோன்.

"எது?" என்று அழகேசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்துப்பூச்சி வந்தது. பூப்பூவாகத் தட்டிப் பார்த்தது. பதினாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

"அதுக்கு ஒரு கறிபாப் எடுத்து வச்சிருக்கலாம்," என்றான் அழகேசன். அவள் கையை அவன் இன்னும் விடவில்லை.

எட்டு மணிக்கு ரூபினி அம்மாவின் மோட்டார் சைக்கிளில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். நீல கேட். கெம்போஜா மரம். மாடியில், வலது பக்க ஜன்னலில், பின்னலை அவிழ்த்துவிட்டு நீளக் கூந்தலோடு ஒரு பெண் நின்றாள். அவள் வரைந்த முதல் பக்கம் அப்படியே இருந்தது. இந்தப் பெண் மட்டும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரூபினியும் தெரு திரும்பும் வரை கையை ஆட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. வாசிப்பு மாதத்தின் கடைசி நாள். வாசுகி டீச்சர் பேனாவோடு சுவர்த்தாள் அருகே நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஷரோன் தன் புது இடத்திலிருந்து எழுந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் ரூபினி, மறுபக்கம் அழகேசன்.

"என்ன படிச்சேம்மா?"

"'நீல கேட் வீடு' டீச்சர். முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும்."

டீச்சருக்கு அந்த நோட்டைப் பற்றி எப்போதோ தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க உக்காந்து படிச்சே?" என்று கேட்டார்.

"உக்காரல டீச்சர். என் ரூம்ல, என் கட்டில்ல, தனியா படுத்துக்கிட்டுப் படிச்சேன். அப்பறம் லைட்ட அடைச்சிட்டுத் தூங்கிட்டேன்."

டீச்சர் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கட்டத்தில் இடம் போதவில்லை. அதனால் கடைசி இரண்டு வார்த்தைகள் மேலே இருந்த ரூபினியின் கட்டத்துக்குள் ஏறிக்கொண்டன.